மறுபடியும் வருமுங்களா?

சி.எஸ்.ஆர். (சென்ட்ரல் சீரஸ் ரெட்டினோபதி) என்ற கண்நோய் வந்தவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும். விழித்திரைக்கு அடியில் நீர் கோர்ப்பது எதனால், ஊசி போடுவார்களா, லேசர் வைப்பார்களா என்ற பேச்செல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். மறுபடியும் வருமா? எனக்கு இடது கண்ணில் அது வந்து, தானாகவே வடிந்து, திரும்பவும் வந்தது. முதல்முறை கண் போய்விடுமோ என்று பயந்தேன். இரண்டாவது முறைக்கு அப்புறம் பயமெல்லாம் மூன்றாவது முறையைப் பற்றித்தான்.

அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை இப்போது கண் மருத்துவ உலகில் வளர்ந்து வருகிறது. விழித்திரைக்குக் கீழே கோராய்டு என்றொரு ரத்தநாளப் படலம் இருக்கிறது. அதைப் படமெடுத்து, நாளங்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று அளந்து, கணினியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, யாருக்கு நோய் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று கணிக்கப் பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா என்னுடைய கோராய்டை எனக்கே திரையில் காட்டினார். அன்றிலிருந்து இதைப் படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். அந்தக் கணிப்பு எனக்கு வேண்டும். ஆனால் படம் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் மனசு ஒப்ப மறுக்கிறது. ஏன் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

லைட் பாக்ஸில் பார்த்தது

திருப்பூரில் ஒரு சாய ஆலையின் லேபில் எனக்கு வேலை. பையர் அனுப்பும் துணித்துண்டின் நிறத்துக்கு லேப் டிப், அதாவது சோதனைக்குச் சாயம் ஏற்றிய துண்டு, போட்டு, லைட் பாக்ஸுக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒன்றாகத் தெரிந்தால் மட்டும் போதாது, கடை விளக்கிலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். மெஷின் எண் கொடுக்கும், ஆனால் கடைசியில் ஓகே சொல்வது கண்தான். ஒருநாள் ஏற்கெனவே ஓகே ஆகியிருந்த மெரூன் துண்டு ஒன்று எனக்குச் சப்பென்று தெரிந்தது. கூட வேலை செய்யும் தம்பியிடம் நீட்டினேன். "கரெக்டாத்தானுங்கண்ணா இருக்குது" என்றான். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நடுவில் ஒரு பழுப்பு வட்டம். அதற்குள் மெரூன் சாயம் கழுவிவிட்ட நிறத்தில் இருந்தது. துண்டின் நேரான ஓரம் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தது. துண்டே கொஞ்சம் சிறுத்தும் போயிருந்தது. கையை இடது கண்ணுக்கு மாற்றினேன். ஓரம் நேராக, நிறம் நிறமாக, பழைய மெரூன்.

விழித்திரையை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் இடது கண்ணின் மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, மேடு தட்டி நின்றது. மேட்டுக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்ததுதான் நீர். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாக வடிந்துவிடும் என்றார்கள். வடிந்தது. பார்வை நன்றாக இருக்கிறது, இனி வர வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அது எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அங்கே யாரும் நான் என்ன வேலை பார்க்கிறேன், எப்போது தூங்குகிறேன், வேறு என்ன மருந்து எடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுவருஷம் அதே கண்ணில், ஏறக்குறைய அதே இடத்தில் பழுப்பு வட்டம் திரும்ப வந்தது.

இந்த நோய் திரும்ப வருவது இன்று நேற்றுக் கண்டுபிடித்த செய்தி இல்லை. 1866-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப இதை முதன்முதலில் எழுதியபோதே, திரும்பத் திரும்ப வரும் கோளாறு என்றுதான் எழுதினார். அவருக்கு ஓ.சி.டி. கிடையாது, சாயம் ஏற்றிக் கண்ணின் ரத்தநாளங்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ கிடையாது. கண்ணுக்குள் பார்க்கும் கருவியே அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால்தான் வந்திருந்தது. அன்றைக்கே நோயாளிகள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கும் மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளில் இரண்டில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கின்படி ஆண்களில் வருஷத்துக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 10 பேருக்கும், பெண்களில் 2 பேருக்கும் குறைவாகவும் இது வருகிறது. வருவது பெரும்பாலும் உழைக்கும் வயதில், குடும்பம் தோள்மேல் இருக்கும் வயதில்.

சாயம் காட்டிய படலம்

சாயத் தொழிலில் இருப்பவனுக்கு இந்த நோயின் கதையில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. ஆஞ்சியோ எடுக்கக் கையில் ஏற்றும் மஞ்சள் மருந்து ஃப்ளோரசின். அதை 1871-ல் உருவாக்கியவர் அடால்ஃப் ஃபான் பாயர். எங்கள் தொழில் மறக்கக் கூடாத பெயர் அது, அவுரி நீலத்தை ஆய்வகத்தில் செய்து காட்டியவரும் அவரே. இன்னொரு மருந்து இண்டோசயனின் கிரீன். அது 1950-களில் கோடாக் ஆய்வகத்தில் புகைப்பட வேலைக்காகப் பிறந்த சாயம். ஃப்ளோரசின் விழித்திரையின் நாளங்களைக் காட்டும். நீர் எந்தப் புள்ளியில் ஊறி ஏறுகிறது என்பதையும் காட்டும். 1967-ல் டொனால்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான், கோளாறு விழித்திரையில் தொடங்கவில்லை, அதற்குக் கீழே கோராய்டில் தொடங்குகிறது என்ற எண்ணத்தை நிலைநாட்டினார். பிறகு வந்த பச்சைச் சாயம் அதை நேரடியாகவே காட்டியது. கோராய்டின் நாளங்களிலிருந்து சாயம் கசிந்து சுற்றுப்புறமே மங்கலாக ஒளிர்ந்தது. நீர் நின்ற கண்ணில் மட்டுமல்ல, பலருக்கு மறு கண்ணிலும் அப்படித்தான் இருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இது என் கதைக்குள் வரும்.

கண்ணுக்குள் ஓடும் ரத்தத்தில் பெரும்பங்கு கோராய்டு வழியாகத்தான் ஓடுகிறது. மேலே நுண்ணிய தந்துகிகள், நடுவே நடுத்தர நாளங்கள், அடியில் ஹாலர் அடுக்கு என்ற பெரிய நாளங்கள். சி.எஸ்.ஆர். கண்களில் அடியிலுள்ள பெரிய நாளங்கள் விரிந்து, மேலே இருக்கும் தந்துகிகளை நெருக்குகின்றன. கோராய்டுக்கும் விழித்திரைக்கும் நடுவில் நிறமிச் செல்களின் ஒற்றை வரிசை ஒன்று இருக்கிறது. கீழிருந்து நீர் மேலே ஏறாமல் தடுப்பதும், ஏறிய நீரைத் திரும்பக் கீழே இறைப்பதும் அதன் வேலை. அந்த வரிசை ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் மாக்குலா மேடு தட்டும்.

ஓ.சி.டி. 1991-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கோராய்டு நீண்ட காலம் அதற்குப் பிடிபடவில்லை. நிறமி வரிசையிலேயே வெளிச்சம் சிதறிவிடும், அதற்குக் கீழே எல்லாம் மங்கல். 2008-ல் நியூயார்க்கின் ரிச்சர்ட் ஸ்பெய்டும் கூட்டாளிகளும் செய்தது எளிமையான காரியம். புது இயந்திரம் எதுவும் செய்யவில்லை. இருக்கிற கருவியையே கண்ணுக்கு இன்னும் நெருக்கி வைத்து, படம் தலைகீழாக விழும்படி எடுத்தார்கள். கருவியின் கூர்மையான பகுதி அப்போது கோராய்டின்மேல் வந்து உட்கார்ந்தது. மறுவருஷமே சி.எஸ்.ஆர். கண்களில் கோராய்டின் தடிப்பு சராசரி 505 மைக்ரான் என்று அளந்துவிட்டார்கள். ஒப்பிட்ட சாதாரணக் கண்களில் அது 300-க்கும் கீழே. இருக்கிற கருவியைச் சற்று நகர்த்தியதில் இவ்வளவு பெரிய விஷயம் வெளியே வந்தது என்பதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

தடிப்பில் ஒரு சிக்கல் உண்டு. வயது ஏற ஏறக் கோராய்டு மெலியும். கிட்டப்பார்வை அதிகமானாலும் மெலியும். ஒரே ஆளுக்குக் காலையில் ஒரு அளவு, மாலையில் சற்றுக் குறைந்த அளவு. எனவே இத்தனை மைக்ரானுக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோருக்கும் ஒரே கோடு கிழிக்க முடியாது. தடிப்பில் எவ்வளவு ரத்தநாளம், எவ்வளவு இடைத்திசு என்று பிரித்துப் பார்க்கும் யோசனை அதற்கப்புறம் வந்தது. ஜப்பானில் 2014-ல் கோராய்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பிரித்துக் காட்டினார்கள். ரத்தம் ஓடும் இடம் கறுப்பு, இடைத்திசு வெள்ளை. 2016-ல் சிங்கப்பூரில் ருபேஷ் அகர்வால் குழு அந்தக் கறுப்பு மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாக்கியது. ஆரோக்கியமான 345 கண்களில் சராசரி 65.61. ஆளுக்கு ஆள் தடிப்பு ஏறி இறங்கும் அளவுக்கு இந்த எண் ஏறி இறங்குவதில்லை. சி.எஸ்.ஆர். கண்களில் இது கூடுதலாக இருப்பதைப் பல குழுக்கள் பார்த்திருக்கின்றன. நோய் திரும்புவதை முன்கூட்டிச் சொல்ல இது உதவுமா என்ற தேடல் அங்கிருந்துதான் கிளம்பியது.

வலது கண்ணின் படம்

இரண்டாவது முறை வந்தபோது கோயம்புத்தூரில் நான் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். நீர் தெரியும் படத்தைக் காட்டி அனுப்பிவிடாமல், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறந்தார். ஸ்கேனில் கோராய்டின் மேல் எல்லையை மவுஸால் வரைந்தார். அடி எல்லை தெளிவாக இல்லை. ஓரிடத்தில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தார். ஒரு சொடுக்கில் சாம்பல் நிறப் படம் கறுப்பும் வெள்ளையுமாகப் பிரிந்தது. பெரிய பெரிய கறுப்பு முட்டைகள் அடியில் வரிசையாகத் தெரிந்தன. குறுக்காக வெட்டுப்பட்ட ரத்தநாளங்கள் அவை. எண் 70-ஐத் தாண்டியது. அந்த அடி எல்லையை அவர் அழித்து வரைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கோடு கொஞ்சம் நகர்ந்தபோது எண்ணும் கொஞ்சம் நகர்ந்தது.

"மறுபடியும் வருமுங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் இன்னொரு படத்தைத் திறந்தார். அதிலும் அதே தடிப்பு, அதே கறுப்பு முட்டைகள். எண்ணும் கிட்டத்தட்ட அதேதான். மேலே விழித்திரை மட்டும் சமதளமாக, ஒரு சொட்டு நீர் இல்லாமல் இருந்தது. "இது உங்க வலது கண்ணுங்க" என்றார்.

"அப்படின்னா இந்தக் கண்ணுல ஏனுங்க வரலை?"

"அதுக்கு இந்தப் படத்துல பதில் இல்லைங்க" என்றவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம், சோடா ஆஷ், காஸ்டிக் என்று லேபில் புழங்கும் கை. விரல் முட்டிகளில் அரிப்பு எனக்கு வருஷக்கணக்காக உண்டு. "கைக்கு என்ன போடறீங்க?"

மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்ட் என்றேன். பேர் என்ன என்றார். வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி குழாயின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: க்ளோபீட்டசால். வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. அப்புறம்தான் மற்ற கேள்விகள் வந்தன. நைட் ஷிஃப்ட் உண்டா? ஷிப்மென்ட் நெருங்கினால் வாரக்கணக்கில் உண்டு. குறட்டை விடுவீர்களா? மூக்கில் அடிக்கும் ஸ்பிரே? இடுப்பு வலிக்கு, மூட்டு வலிக்கு ஊசி? நாட்டு மருந்து என்று சொல்லி யாராவது கொடுத்த மாத்திரை? ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் சொன்னது அப்படியே மனசில் நிற்கிறது. "இதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லலைங்க. ஆனா இதையெல்லாம் கேக்காம நான் எத்தனை படம் எடுத்தாலும் அது பாதிப் பேச்சுதான்."

ஸ்டீராய்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவத்தில் ஐயமில்லாமல் பதிவானது. விழுங்கும் மாத்திரையில் அது மிகத் தெளிவு. மூச்சில் இழுக்கும் இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, மூட்டில் போடும் ஊசி, தோலில் தடவும் களிம்பு வழியாகவும் வந்தவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். உடம்பே கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டை அதிகமாகச் சுரந்தாலும், கர்ப்பகாலத்திலும் வரலாம். நம் நாட்டில் ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. இருந்தும் சிவப்பழகுக்கு, படர்தாமரைக்கு, கை அரிப்புக்கு என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நின்றபாடில்லை. எங்கள் லேபில், பக்கத்து பிரிண்டிங் யூனிட்டில், விசைத்தறிக் கூடங்களில் இப்படிக் குழாய் வைத்திருப்பவர்கள் பலர். அது ஸ்டீராய்டு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

கரையும் வாய்க்காலும்

எங்கள் மாமா சென்னிமலைக்குப் பக்கம். கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் போகும் அந்த வாய்க்கால் மண் வாய்க்காலாகவே வெட்டப்பட்டது. ஆகஸ்டில் தண்ணீர் திறந்துவிட்டால், வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கக் கிணறுகளில் ஒரு மோட்டாரும் ஓட்டாமல் தண்ணீர் ஏறும். கான்கிரீட் போடலாமா கூடாதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றதுகூட இந்தக் கசிவை வைத்துத்தான். கண்ணில் என்ன கோளாறு என்று மாமா கேட்டபோது கோராய்டு, நிறமி வரிசை எல்லாவற்றையும் என்னால் முடிந்த அளவு சொன்னேன். அவர் சித்த நேரம் கேட்டுவிட்டு, "அதென்ன மாப்ள, வாய்க்கா நெறைய ஓடுனா மட்டும் கரை ஒடைஞ்சுருமா? எத்தன வருசம் நெறைய ஓடிருக்குது. கரையில எலி வளை எங்க இருக்குதுன்னு பாக்கோணும், மதகு எப்ப தொறந்தாங்கன்னும் பாக்கோணும்" என்றார்.

நான் படித்த கட்டுரைகளில் எதுவும் எனக்கு இதைவிடத் தெளிவாகப் புரியவைக்கவில்லை. கோராய்டுப் படம் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் அளவுகோல். அது உண்மையான அளவு, தேவையான அளவு. காலி வாய்க்காலில் கரை உடையப் போவதில்லை. ஆனால் என் வலது கண்ணிலும் வாய்க்கால் நிறையத்தான் ஓடுகிறது. தடித்த கோராய்டோடு நோய் எதுவும் இல்லாமல் வாழ்நாள் முழுக்க இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீராய்டும் ராத்தூக்கம் கெடுவதும் மதகு திறக்கிற வேலை. அவை படத்தில் நேரடியாகத் தெரியாது.

இது வெறும் என் எண்ணம் இல்லை. நோய் திரும்புவதை எது முன்கூட்டிக் காட்டுகிறது என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று விஷயங்கள் மேலே வந்தன. கோராய்டின் தடிப்பு ஒன்று. ஆஞ்சியோவில் கசிவு எப்படித் தெரிந்தது என்பது இன்னொன்று. மூன்றாவது ஷிஃப்ட் வேலை. முதல் இரண்டும் படத்தில் கிடைக்கும். மூன்றாவதை ஆளிடம் கேட்டால்தான் கிடைக்கும். திருப்பூர், பல்லடம், சோமனூர், பெருந்துறை என்று நைட் ஷிஃப்டிலேயே வளர்ந்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த மூன்றாவதை எப்படி விடுவது?

கணிப்பு கையில் வந்தால்

சரி, நல்ல கணிப்பு ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நூறு பேரில் 30 பேருக்கு நோய் திரும்பப் போகிறது. கணிப்பு இரண்டு பக்கமும் நூற்றுக்கு 80 சரி. இது நான் புரிந்துகொள்வதற்காகப் போட்ட கணக்கு, யாருடைய ஆய்வும் இல்லை. அந்த 30 பேரில் 24 பேரைப் பிடித்துவிடும், 6 பேரைத் தவறவிடும். திரும்பாத 70 பேரில் 14 பேரையும் ஆபத்து என்று சொல்லிவிடும். ஆக ஆபத்து என்று சொல்லப்பட்ட 38 பேரில் 14 பேருக்கு ஒன்றும் வராது. வராது என்று சொல்லப்பட்டவர்களில் 6 பேருக்கு வந்துவிடும். அந்த 14 பேரில் ஒருவர் ஷேட் பார்க்கும் ஆளாக இருந்தால், கண் கெடப் போகிற ஆள் என்ற பேச்சு எங்கள் தொழிலில் ஒரே வாரத்தில் பரவிவிடும். அந்த 6 பேரோ, டாக்டரே வராது என்று சொல்லிவிட்டாரே என்று வளைந்து தெரியும் கோட்டைக் கண்ணாடி பவர் மாறிவிட்டதாக நினைத்துத் தள்ளிப்போடுவார்கள்.

ஆபத்து என்று தெரிந்தவருக்கு என்ன கொடுப்பது என்பதும் சுலபமாக இல்லை. எப்லெரினோன் மாத்திரையைப் பல வருஷம் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்தார்கள். 2020-ல் வெளியான விசி என்ற பிரிட்டிஷ் ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. நீர் வடியாமல் நாள்பட்டுப் போன கண்களுக்கு, வெர்டிபோர்ஃபின் மருந்தைப் பாதி அளவு ஏற்றிக் குளிர்ந்த லேசர் காட்டும் சிகிச்சை மைக்ரோபல்ஸ் என்ற இன்னொரு வகை லேசரைவிட நன்றாக வேலை செய்ததை 2018-ல் பிளேஸ் ஆய்வு காட்டியது. ஆனால் 2021-க்குப் பிறகு அந்த மருந்துக்கே உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. கையிருப்பு குறைவான மருந்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வி வரும்போது, யாருக்கு நோய் திரும்பும் என்று தெரிந்திருப்பது உண்மையிலேயே உயிர்நாடியான விஷயம். நான் இந்தக் கணிப்பை விரும்புவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

கணிப்பு எந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவும் ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் திரும்பப் புரட்டி எழுதப்பட்டவை. ஆட்கள் குறைவு. அந்தப் பதிவேட்டில் நோய் திரும்பாதவர் என்று எழுதப்பட்டிருப்பவர் யார்? உண்மையிலேயே குணமாகி இருப்பவரும் இருக்கலாம். சம்பளத்தை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏற முடியாமல் வராமலே போனவரும் இருக்கலாம். எங்கள் யூனிட்டில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்யும் பையன்களில் ஒருவனுக்கு இது வந்தால், சீசன் முடிந்து ஊருக்குப் போனபிறகு அவன் கண்ணில் என்ன நடந்தது என்று இங்கே எந்தப் பதிவேடும் சொல்லாது. முதல்முறைக்குப் பிறகு இனி வர வேண்டாம் என்று என்னை அனுப்பிய இடத்தின் பதிவேட்டில் நான் இன்றைக்கும் குணமானவனாகத்தான் இருப்பேன். அந்தப் பதிவேட்டைக் கொண்டு ஒரு கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால், என்னுடைய கண் எப்படி இருந்ததோ அப்படிப்பட்ட கண்ணுக்கு நோய் திரும்பாது என்று அது கற்றுக்கொள்ளும்.

ஆய்வு செய்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோராய்டின் அடி எல்லையைக் கையால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, நூற்றுக்கணக்கான படங்களைப் பிரித்தவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். லேபில் நானும் அதே மாதிரி வேலைதான் செய்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். படத்தோடு சேர்த்து, அந்த ஆள் என்ன மருந்து எடுக்கிறார், எப்போது தூங்குகிறார் என்ற இரண்டு கட்டங்களும் படிவத்தில் இருக்கட்டும். வராமல் போனவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் குணமானவர் என்று எழுதட்டும். நம் வட்டாரத்தில் கண் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை, ஓ.சி.டி. இயந்திரங்களுக்கும் குறைவில்லை. நைட் ஷிஃப்டும் ஸ்டீராய்டுக் களிம்பும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து கிடக்கும் இடத்திலிருந்து இந்த ஆய்வு வந்தால் அதன் மதிப்பே வேறு.

என் இடது கண் இப்போது வறண்டிருக்கிறது. தோல் மருத்துவர் ஸ்டீராய்டு இல்லாத வேறு களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். லேபில் கையுறை போடாமல் சாயம் தொடுவதில்லை. முதலாளியிடம் பேசி நைட் ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டேன், முழுக்க விட முடியவில்லை. கட்டம் போட்ட அட்டை ஒன்றை டாக்டரம்மா கொடுத்தார். அதைக் குளியலறைக் கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பேன். கோடு வளைந்தால் அன்றைக்கே போன் போட வேண்டும் என்பது பேச்சு.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சி.எஸ்.ஆர். என்று சொல்லியிருந்தால், அடுத்த முறை கண் மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் களிம்பு, ஸ்பிரே, இன்ஹேலர், வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். குழாயின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன், டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ, வாதத்துக்கோ, வேறு பெரிய வியாதிக்கோ எடுக்கும் ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் போகலாம். எழுதிக் கொடுத்த டாக்டரும் கண் டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசி, எப்படிக் குறைப்பது, மாற்று உண்டா என்று முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. அவர்களாகப் பேசிக்கொள்ளாவிட்டால் ஒருவரின் சீட்டை இன்னொருவரிடம் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.